காணி உறுதியும் அடிமைச் சாசனமும்

யாழ்ப்பாணத்தில் ‘உறுதி’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் காணி உறுதிதான். மனவுறுதி, கொள்கையுறுதி என்பனவெல்லாம் அதற்குப் பின்னர் வருவன. “உறுதி கையில இருக்கோ?” என்று எவராவது கேட்டால், அவர் நமது நெஞ்சுரத்தைப் பற்றி விசாரிக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது.

என் அம்மா தமது உறுதியை ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் வைத்திருந்தார். நொத்தாரிசின் ஒப்பமும் முத்திரைகளும் கொண்ட அந்தப் பழுப்பேறிய தாள்களை இரண்டு பொலித்தீன் பைகளினுள் சுற்றி, அதற்கு மேல் பழைய சேலைத் துண்டொன்றையும் கட்டியிருப்பார். 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு நாங்கள் வெளியேறியபோது அவர் கையோடு எடுத்தவை மூன்றே பொருள்கள். செபமாலை, அப்பாவின் படம், அந்தத் தகரம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். மழையில், அடியெடுத்து வைக்கவும் இடமில்லாத சனநெரிசலில், தகரத்தை மட்டும் அம்மா எவரிடமும் கொடுக்க மறுத்துவிட்டார் என்று அக்கா பின்னர் சொன்னார்.

அதே அம்மாதான் மாலைச் செபம் முடிந்ததும் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டுபவர். செல்வத்தை மண்ணுலகில் அல்ல, விண்ணுலகில் சேர்க்குமாறு இயேசு மலைப்பொழிவிலே போதிக்கும் இடம் அது. செல்வம் எங்கே உண்டோ உள்ளமும் அங்கேதான் கிடக்கும் என்பது அதன் சாரம். வாசிப்புக்கும் தகரத்துக்கும் இடையில் முரண்பாடு எதுவும் அம்மாவுக்குத் தென்பட்டதில்லை. எனக்குத் தென்பட்டது. பல்கலைக்கழகத்துக் கலைப்பீட மாணவனுக்கேயுரிய மிடுக்குடன் அதைச் சொல்லிக் கேலியும் செய்தேன். அம்மா கோபிக்கவில்லை.

“அது எனக்கில்லையடா. உங்கள் மூண்டு பேருக்கும்தான்.”

அந்தப் போதனையில் வரும் மூன்று பகைவர்களைப் பற்றிப் பிற்காலத்தில் சற்று ஆராய்ந்து பார்த்தேன். பூச்சி, துரு, கள்வன். அக்காலப் பாலஸ்தீனத்தில் ஒரு குடும்பத்தின் தேட்டம் என்பது பெரும்பாலும் துணியும் தானியமும் உலோகமும். விலையுயர்ந்த ஆடைகளைப் பேணி வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றை அந்துப்பூச்சி தின்றது. நாம் துரு என்று வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குத் ‘தின்னுதல்’ என்பதே நேர்ப்பொருள். களஞ்சியத்துத் தானியத்தை அரிக்கும் புழுவையும் அது குறிக்கலாம் என்பர் விவிலிய அறிஞர் சிலர். வீடுகளின் சுவர்களோ மண்ணாலானவை. கள்வர் கதவை உடைத்து மெனக்கெடுவதில்லை, சுவரைத் துளைத்துவிடுவார்கள். மூலத்திலுள்ள வினைச்சொல்லும் துளைப்பதையே குறிக்கிறது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் இவ்விடத்தில் ‘கன்னமிடுதல்’ என்ற சொல்லை எடுத்தாண்டார்கள். கன்னக்கோலை அறிந்த சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திராது.

எங்கள் வீட்டுக்குக் கன்னமிட எவரும் வரவில்லை. 2011இல் எங்கள் பகுதிக்குள் செல்ல அனுமதி கிடைத்தபோது, கன்னமிடுவதற்குச் சுவரே இருக்கவில்லை. ஓடு, மரம், கதவு, நிலை, கல் யாவும் போய்விட்டிருந்தன. பற்றைகளை வெட்டிக்கொண்டு உள்ளே சென்று கிணற்றைக் கண்டுபிடித்தோம். அதிலிருந்து அளந்துதான் வீடு நின்ற இடத்தைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அம்மா கிணற்றுக் கட்டில் அமர்ந்து தகரத்தைத் திறந்து உறுதியை வெளியே எடுத்தார். வாசிக்கவில்லை. வெயிலில் சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு மீண்டும் உள்ளே வைத்தார்.

2013இல் அம்மா காலமானார். மரணசாசனம் எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டு பரப்புக் காணி. அண்ணா ரொறன்ரோவில், நான் கொழும்பில், அக்கா யாழ்ப்பாணத்தில் வாடகை வீட்டில். போர் முடிந்த பின்னர் காணி விலைகள் ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

அக்கா அந்தக் காணியில் ஒரு வீடு கட்டிக்கொண்டு குடியேற விரும்பினார். அண்ணா இணங்கவில்லை. 1988இல் அக்கா திருமணம் செய்தபோது நாற்பது பவுண் நகை சீதனமாகக் கொடுக்கப்பட்டது; சீதனம் பெற்ற பெண்ணுக்குப் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கில்லை என்பது தேசவழமையின் பழைய நெறி; ஆகவே ஆளுக்கு ஆறு பரப்பாக ஆண்பிள்ளைகள் இருவரும் பிரித்துக்கொள்வதே முறை என்றார். வழக்காடியிருந்தால் நீதிமன்றம் என்ன சொல்லியிருக்குமோ, அது வேறு விடயம். ஆனால் அந்த நாற்பது பவுணுக்கு என்ன நடந்தது என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பெரும்பகுதி 1991இல் அண்ணாவை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரனுக்குப் போனது. மிச்சம் இடம்பெயர்ந்த வீடுகளில் அரிசியாகவும் அம்மாவின் மருந்தாகவும் கரைந்தது.

எனக்கு இது தெரியும். நான் வாய் திறக்கவில்லை. “நான் இதில நடுநிலை. நீங்கள் இரண்டு பேரும் பேசித் தீருங்கோ” என்றேன். பத்திரிகைக்காரனுக்கு நடுநிலை என்ற சொல் எப்போதும் வாய்க்கு வசதியானது. அந்த நடுநிலையின் பெறுமதி எனக்கு ஆறு பரப்பு என்பதை நான் எவருக்கும் சொல்லவில்லை, எனக்கே கூட.

இந்த நிலையில்தான் 2015 ஜனவரி 14 வந்தது. அன்று காலை காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ், யோசப்வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 1995 ஜனவரி 21இல், இதே திடலில் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை அருளாளராக அறிவித்த வேளையில் நான் அனுபவமற்ற நிருபனாகக் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றேன். இரண்டாம் தடவை நீண்ட சிறப்புக் கட்டுரை எழுதும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. அதற்காக அடிகளாரின் வரலாற்றை முறையாகப் படித்தேன்.

அவர் 1651இல் கோவாவில் வசதியான கொங்கணிப் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1676இல் குருவானார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் ஓர் ஆவணம் எழுதி ஒப்பமிட்டார். தம்மை அன்னை மரியாளுக்கு என்றென்றைக்கும் அடிமையாக எழுதிக்கொடுக்கும் சாசனம் அது. அடிமைகளை வாங்குவதும் விற்பதும் சட்டபூர்வமாக இருந்த காலத்தில் அச்சொல்லுக்கு அலங்காரப் பொருள் மட்டும் இருந்திருக்க முடியாது. நாங்கள் உறுதி எழுதுவது ஒன்றை நமதாக்கிக்கொள்வதற்கு. அவர் எழுதியது தம்மையே கைமாற்றிவிடுவதற்கு.

பத்து ஆண்டுகள் கழித்து, 1687இல், அவர் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். போர்த்துக்கேயரை வெளியேற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. எனவே அவர் குருவாக வரவில்லை, கூலிக்காரனின் கோலத்தில் வந்தார். வந்தவுடன் கடும் நோயில் விழுந்தார். எழுந்த பின்னர் வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். கழுத்தில் செபமாலை தொங்கியது. அதைக் கண்டு முகம் மாறுகிறவர்கள் யார் என்று பார்த்து, மறைவாக வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்காண்பது அவரது உத்தி. சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவுகளில் பூசை செய்தார். எங்கள் ஊரிலிருந்து அது சைக்கிள் ஓடும் தூரம்.

1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் தலைநகரை விட்டு விலகினான். நோயாளர்களைச் சொந்த உறவினரே காட்டோரம் விட்டுச் சென்றார்கள். யோசப்வாஸ் தமது மருமகனான கர்வாலோ அடிகளாருடன் அங்கேயே தங்கி, சமயம் பாராமல் அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார். கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். அவரை அடக்கம் செய்த ஆலயம் பின்னர் அழிக்கப்பட்டது. கல்லறை நின்ற இடம் இன்று எவருக்கும் தெரியாது. இலங்கையின் முதற் புனிதருக்கு இந்நாட்டில் ஆறடி நிலம்கூட உறுதியாக இல்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். அண்ணா மேற்கோள் காட்டிய தேசவழமையை ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்தது 1707இல். அடிகளார் அப்போது உயிரோடிருந்தார். அவரைத் தேடிய அதே ஆட்சிதான் எங்கள் சீதனத்தையும் முதுசத்தையும் யார் யாருக்குச் சேரும் என்று எழுதி வைத்தது.

கட்டுரை நன்றாக வந்திருந்தது. ‘அனைத்தையும் துறந்தவர்’ என்ற தொடரை அதில் இரண்டு தடவை எழுதியிருந்தேன். அன்றிரவு அண்ணா தொலைபேசியில் அழைத்தார். இணையத்தில் திருப்பலியைப் பார்த்ததாகச் சொன்னார். பின்னர் சட்டத்தரணி ஒருவரிடம் பேசிவிட்டதாகவும் நான் சம்மதம் தெரிவித்தால் போதும் என்றும் சொன்னார். “சரி, சட்டப்படி செய்வம்” என்றேன். மை உலராத தாள் என்று சொல்வார்கள். என் கணினித் திரையில் அந்தக் கட்டுரை அப்போதும் திறந்தே இருந்தது.

மறுநாள் அக்காவிடமும் அண்ணா பேசியிருக்கிறார். அவர் சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவில் ஒரு புதிய சபையில் சேர்ந்திருந்தார். காணியில் மனத்தை வைக்காமல் பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்கும்படி அக்காவுக்குப் புத்தி சொன்னாராம். அக்கா எனக்கு இதைச் சொன்னபோது அழவில்லை. “அவனுக்கு வசனமெல்லாம் நல்லாத் தெரியுது” என்று மட்டும் சொன்னார்.

மண்ணுலகச் செல்வத்தைப் பற்றிய இயேசுவின் போதனைகளை நான் மீண்டும் எடுத்து வாசித்தது இதற்குப் பின்னர்தான். யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன். செய்தியாளனின் பழக்கம் அது. எல்லாவற்றையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி மாற்கு நற்செய்தியில் கேட்கப்படுபவன் மிகுந்த சொத்துள்ளவன். சகேயு வரி தண்டுவோரின் தலைவன். அநியாயமாக எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவன் தானாகவே முன்வருகிறான். பறிகொடுத்து நிற்கும் ஒரு விதவையிடம் சென்று, உன் உரிமையைக் கேளாதே, வானுலகில் வாங்கிக்கொள் என்று இயேசு கூறியதாக நான்கு நற்செய்திகளிலும் ஓரிடம் இல்லை. மாறாக, நேர்மையற்ற நடுவனிடம் விடாது போய் நியாயம் கேட்கும் விதவையை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். இந்தப் போதனை கையில் வைத்திருப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது. கொடுக்க வேண்டிய கடன்காரன் அதை எடுத்துக் கடன் தந்தவளுக்குச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

2016 யூலை மாதத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் நான் வழமையாகச் செல்லும் கோவிலில் லூக்கா பன்னிரண்டாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. அறிவிலியான செல்வனின் உவமை. விளைச்சல் மிகுந்து போனதால் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணுகிறான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது. எத்தனையோ தடவை கேட்ட கதை. ஆனால் அது எதற்கு விடையாகச் சொல்லப்பட்டது என்பதை அதுவரை நான் பொருட்படுத்தியிருக்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன் இயேசுவை அணுகி, சொத்தைத் தன்னோடு பங்கிடும்படி தன் சகோதரனுக்குச் சொல்லுமாறு கேட்கிறான். முதுசக் காணித் தகராறு! அதற்கு விடையாகத்தான் முழு உவமையும்.

இயேசு பாகம் பிரிக்கும் நடுவராக இருக்க மறுத்துவிடுகிறார். பார்த்தாயா, அவரும் நடுநிலை என்று ஒரு கணம் என் மனம் துள்ளியது. அடுத்த கணமே அடங்கியது. அவருக்கு அந்தச் சொத்தில் பங்கில்லை.

உவமையின் செல்வனும் கள்வனல்லன். அவனது நிலம் விளைந்தது, அவ்வளவுதான். கதை முழுவதும் அவன் தன்னுடன் மட்டுமே பேசுகிறான். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள், என் ஆன்மா. மனைவி இல்லை, அயலவன் இல்லை, அறுவடை செய்த கூலியாள் இல்லை. கடவுள் அவனைப் பாவி என்று அழைக்கவில்லை, அறிவிலி என்றே அழைக்கிறார். பிரசங்கம் இவற்றைத் தொடாமல் ஆலயக் கட்டட நிதியில் போய் முடிந்தது. நானும் ஆயிரம் ரூபா போட்டேன்.

சொத்தைத் துறந்தவர்கள் எல்லோரும் என்னை ஒரே விதமாகக் கவர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. எகிப்தின் வனத்துறவி அந்தோனியாரை எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சிக்கடையில் நாம் மெழுகுதிரி ஏற்றும் பதுவை அந்தோனியார் அல்லர். அவருக்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர். பெற்றோரை இழந்த இளைஞராக ஒரு நாள் கோவிலுக்குள் நுழைகையில், எல்லாவற்றையும் விற்கச் சொல்லும் அந்த வாசகம் வாசிக்கப்படுவதைக் கேட்டார். முந்நூறு அரூரா வளமான நிலத்தை ஊரவர்க்குக் கொடுத்தார். அசையும் பொருளை விற்று ஏழைகளுக்கு வழங்கினார். தங்கைக்கென்று சிறிதளவு எடுத்து வைத்தார். பின்னர் நாளையைப் பற்றிக் கவலைப்படாதிருக்கும்படி கூறும் வாசகத்தைக் கேட்டு, அதனையும் கொடுத்துவிட்டுத் தங்கையைக் கன்னியர் சிலரின் பராமரிப்பில் விட்டுப் போனார். அத்தனாசியார் எழுதிய வரலாறு இது. தங்கையின் சம்மதம் கேட்கப்பட்டதாக அதில் இல்லை. அவர் மகான்தான், மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் பெண்ணிடம் ஒரு நேர்காணல் எடுக்கக் கிடைத்திருந்தால் நான் எகிப்துக்கே போயிருப்பேன்.

வெகுமதி என்ற பேச்சிலும் எனக்கு நெடுங்காலமாக ஒரு சங்கடம் இருந்தது. இங்கே ஒன்று கொடுத்தால் அங்கே நூறு என்று கணக்குப் போடுவது வட்டிக்குக் கொடுப்பதற்கு எவ்விதத்தில் வேறுபட்டது? போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் ஒட்டப்பட்ட ஆசீர்வாதக் கூட்டங்களின் சுவரொட்டிகள் இன்னும் ஒருபடி மேலே சென்றன. நூறு மடங்கு இம்மையிலேயே கிடைக்குமாம். மகனின் விசா, மகளின் கலியாணம், வீடு, வாகனம். வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வராத பெண்கள் அங்கே காணிக்கை உறைகளுடன் நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தின் இறுதித் தீர்ப்புக் காட்சி எனக்கு ஓரளவு விளக்கம் தந்தது. பசித்தவனுக்கு உணவளித்தவர்களும் சிறையில் இருந்தவனைப் பார்க்கப் போனவர்களும் அரசனின் வலப்பக்கம் நிற்கிறார்கள். வெகுமதி அறிவிக்கப்படுகிறது. அவர்கள் மகிழ்ந்து ஆரவாரிக்கவில்லை. திகைக்கிறார்கள். நாங்கள் எப்போது அப்படிச் செய்தோம் என்று கேட்கிறார்கள். அவர்களிடம் பற்றுச்சீட்டு இல்லை. கொடுத்ததையே மறந்திருக்கிறார்கள். கணக்கு வைத்திருப்பவன் அங்கே அரசன் ஒருவன்தான்.

2017இல் நான் யாழ்ப்பாணம் சென்று, அந்தக் காணியில் எனக்கு உரித்தான பங்கு எவ்வளவோ அவ்வளவையும் அக்காவுக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்தேன். இதைத் துறவென்று எவரும் எண்ண வேண்டியதில்லை. கொழும்பில் எனக்கு ஒரு வீடு இருந்தது. கடனும் பெரும்பாலும் முடிந்திருந்தது. உபதேசம் உள்ளே இறங்க இரண்டரை ஆண்டுகள் எடுத்தன. அந்தக் காலம் முழுவதும் அக்கா வாடகை கட்டிக்கொண்டிருந்தார். அண்ணா இன்றுவரை ஒப்பமிடவில்லை. அக்காவின் வீடு காணியின் ஒரு மூலையில், அவருக்கு இடைஞ்சல் வராத விதமாக, இரண்டு அறைகளுடன் எழுந்திருக்கிறது. எனக்கும் அண்ணாவுக்கும் இடையில் நத்தாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான்.

நொத்தாரிசிடமிருந்து திரும்பிய அன்று பின்னேரம் அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். முத்திரைச் செலவு எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்டார், நான் சொல்லவில்லை. ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. நாற்பது பவுணைப் பற்றியும், இருபத்துமூன்று ஆண்டுகள் அம்மாவைத் தனியாகப் பார்த்ததைப் பற்றியும், 1995இல் நோயாளியான அவரை அந்த மழையில் கைபிடித்து அழைத்துச் சென்றதைப் பற்றியும் ஒருவாறு தடுமாறிச் சொல்லி முடித்தேன். எழுதுகிறவனுக்குப் பேச்சு வராது.

“நீங்கள் செய்ததுக்கு இது பத்தாதக்கா.”

அக்கா என்னை விளங்காமல் பார்த்தார்.

“என்னத்தைச் சொல்லுறாய்? அம்மாவைப் பார்த்ததையோ? அது ஒரு வேலையே?” என்றவர், வெளியே ஏதோ சத்தம் கேட்டு எழுந்தார். பக்கத்து வளவு ஆடு வேலிக்குள்ளால் நுழைந்து புதிதாக நட்ட முருங்கைக் கன்றைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். நான் தேநீரைக் குடித்தேன். மேசையில் அம்மாவின் தகரம் இருந்தது. இப்போது அதற்குள் பிஸ்கற் வைத்திருக்கிறார்.